ஸ்வீட் பாக்ஸ் தருகிற ஆலையில் ‘மதிப்பே இல்லை’ என்று ஏன் சொல்கிறார்கள்?

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய 29 மத்தியச் சட்டங்களைச் சுருட்டி நான்காக்கிய ஏற்பாடு இது. அதில் பலருடைய கண்ணில் பட்ட ஒரு வரி: எல்லாத் தொழிலாளருக்கும் நியமனக் கடிதம் கட்டாயம். கடலூர் சிப்காட்டிலோ நெய்வேலியிலோ புதுச்சேரி சேதராப்பட்டிலோ காண்ட்ராக்டில் வேலை பார்க்கிறவர் இதைப் படித்தால் உடனே ஒரு கேள்வி எழும். அப்படியானால் இனி நாமும் கம்பெனி ஆளா?

இல்லை. கடிதம் வரும், ஆனால் அது வேறொருவர் பெயரில் வரும். ஏன் என்று கீழே பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்று. ‘நான் கம்பெனி ஆளா?’ என்ற கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. சட்டப்படி எனக்கு என்ன சேர வேண்டும் என்பது ஒன்று. என்னை இங்கே ஒரு ஆளாக மதிக்கிறார்களா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு முழுமையான பதில் கிடைத்தவர்கள்கூட, அதாவது இருபது வருட சர்வீஸ், குவார்ட்டர்ஸ், மருத்துவ வசதி எல்லாம் உள்ள நிரந்தர ஊழியர்கள்கூட, ‘நமக்கெல்லாம் இங்கே என்ன மதிப்பு?’ என்று சலித்துக்கொள்வதைக் கேட்கலாம். சம்பளம் போதவில்லை என்பதால் மட்டும் வருகிற சலிப்பு அது இல்லை. இரண்டு கேள்விகளையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால்தான் விஷயம் பிடிபடும்.

ஒரே கேட், நான்கு விதமான ஆட்கள்

பெரிய ஆலை எதிலும் ஒரே ஷிப்டில், ஒரே மெஷின் பக்கத்தில், நான்கு விதமான ஆட்கள் நிற்கலாம்.

1. நிரந்தரத் தொழிலாளி. பேச்சில் பர்மனென்ட், ரெகுலர். பெயர் கம்பெனியின் ரோலில் இருக்கும். வேலையை விட்டு நீக்க வேண்டுமானால் குற்றச்சாட்டு, விளக்கம், விசாரணை என்று படிகள் உண்டு.

2. குறித்த காலத் தொழிலாளி. ஓராண்டு, மூன்றாண்டு என்று எழுதிய ஒப்பந்தத்தில் கம்பெனியே நேரடியாக எடுப்பது. அதே வேலை செய்கிற நிரந்தரத் தொழிலாளிக்கு உள்ள சம்பளமும் சலுகையும் இவருக்கும் உண்டு என்கிறது புதிய தொகுப்பு. பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி, வாங்க ஐந்தாண்டு காத்திருக்க வேண்டாம். ஓராண்டு முடிந்தால் போதும்.

3. பயிற்சியாளர். 1961ஆம் ஆண்டு அப்ரன்டிஸ் சட்டப்படி வருகிறவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளி கிடையாது, கிடைப்பது ஸ்டைபென்ட். ‘ட்ரெய்னி’ என்ற பெயரை மட்டும் ஒட்டி முழு உற்பத்தி வேலை வாங்குவது வேறு கதை. வழக்குகள் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

4. ஒப்பந்தத் தொழிலாளி. வேலை நடப்பது ஆலைக்குள்; ஆளை அனுப்புவதும் சம்பளம் போடுவதும் ஒப்பந்ததாரர். ஆலை நிர்வாகத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் பெயர் ‘முதன்மை வேலையளிப்பவர்’.

கடிதம் யார் பெயரில் வரும்?

நியமனக் கடிதம் தர வேண்டியவர் வேலை கொடுத்தவர். ஒப்பந்தத் தொழிலாளிக்கு அது ஒப்பந்ததாரர். ஆகவே கடிதத்தின் தலைப்பில் ஒப்பந்ததாரரின் பெயர்தான் இருக்கும். ஆலையின் பெயர், இருந்தால், ‘பணி செய்யும் இடம்’ என்ற வரியில் இருக்கும். இதனால் கடிதம் வீண் என்று நினைக்க வேண்டாம். எந்தத் தேதியில் சேர்ந்தோம், என்ன வேலை, என்ன சம்பளம் என்பதற்கு எழுத்தில் சான்று கிடைக்கிறது. இத்தனை காலம் பலரிடம் அதுவே இல்லை.

ஒப்பந்த முறையே கூடாது என்று அரசு ஒரு வேலைக்குத் தடை போட்டால், அங்கே இருந்தவர்கள் தானாக நிரந்தரமாகிவிடுவார்களா? ஆவார்கள் என்று 1996 டிசம்பரில் ஏர் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2001 ஆகஸ்டில் ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது: தானாக ஆக மாட்டார்கள். ஆனால் ஒரு கதவு திறந்தே இருக்கிறது. ஒப்பந்தம் வெறும் கண்துடைப்பு, உண்மையில் ஆளை எடுப்பதும் வேலை சொல்வதும் தண்டிப்பதும் ஆலை நிர்வாகமே என்று தொழிலாளர் நீதிமன்றத்தில் நிரூபித்தால், அவர் ஆலையின் தொழிலாளிதான். ஒப்பந்தத் தொழிலாளர்களின் நிரந்தர வழக்குகளில் மேற்பார்வை செய்தது யார் என்ற கேள்வி இவ்வளவு முக்கியமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

புதிய தொகுப்பு ‘மைய வேலை’ என்று ஒன்றை வரையறுக்கிறது. ஆலை எதற்காக நடக்கிறதோ அந்த வேலை. அதில் ஒப்பந்த முறை கூடாது. கேன்டீன், செக்யூரிட்டி, துப்புரவு, ஏற்றி இறக்குவது போன்றவை மைய வேலையில் சேராது. அப்புறம் விலக்குகளும் உண்டு: வழக்கமாகவே ஒப்பந்ததாரர் மூலம் நடப்பது, முழு நேர ஆள் தேவைப்படாதது, திடீரென வேலை கூடுவது. இந்த மூன்று விலக்கும் எவ்வளவு அகலம் என்பதைப் பார்த்தால், ‘காண்ட்ராக்டே இனி கிடையாது’ என்று மகிழ்ந்தவர்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

இங்கே கடலூருக்கும் புதுச்சேரிக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, 24 மாதங்களில் 480 நாள் தொடர்ந்து வேலை செய்தவருக்கு நிரந்தரத் தகுதி தர வேண்டும் என்கிறது. தொழிற்சாலை வட்டாரத்தில் ‘480 நாள்’ என்றாலே புரியும். மாநிலச் சட்டம் என்பதால், மத்திய அரசு ரத்து செய்த 29 சட்டங்களின் பட்டியலில் இது இல்லை. ஆனால் புதுச்சேரி தனி ஒன்றியப் பகுதி. அங்கே இந்தச் சட்டம் செல்லாது. கடலூரிலிருந்து ஆற்றைத் தாண்டி பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் வேலைக்குப் போகிறவர் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் 480 நாளை இழந்துவிடுகிறார். கடலூரிலும்கூட ஒப்பந்ததாரர் மூலம் வந்தவர் ‘எனக்கு வேலை கொடுத்தவர் யார்?’ என்ற முதல் கேள்வியைத் தாண்டிய பிறகுதான் 480 நாளைப் பற்றிப் பேச முடியும்.

சட்டம் தருவதில் ஏன் மனம் நிறைவதில்லை?

சரி, சட்டப்படி எல்லாம் ஒழுங்காகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மதிப்பு வந்துவிடுமா?

1986இல் அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் ஐசன்பெர்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் இதற்கு ஒரு கருத்தை முன்வைத்தார்கள். தான் வேலை செய்கிற நிறுவனம் தன் உழைப்பை மதிக்கிறதா, தன் நலனில் அக்கறை காட்டுகிறதா என்று ஊழியர் மனதில் ஒரு பொதுவான கணிப்பு உருவாகிறது. அந்தக் கணிப்பை உயர்த்துவது நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்பது மட்டுமல்ல. விரும்பிக் கொடுத்ததா, வேறு வழியில்லாமல் கொடுத்ததா என்பதும் சேர்ந்தே. பி.எப். பிடித்துக் கட்டினார்கள் என்பதற்காக எவரும் நெகிழ்வதில்லை, அது கடமை. ஆனால் கட்டாமல் விட்டால் காயம் பெரிது. அதாவது சட்டக் கடமை என்பது, கொடுத்தால் மதிப்பு உயராது, கொடுக்காவிட்டால் குறையும் என்கிற கணக்கு.

1959இல் பிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் பிட்ஸ்பர்க் நகரத்துப் பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி இதைப் போன்ற ஒன்றைச் சொல்லியிருந்தார்: சம்பளம், வேலைச் சூழல், மேற்பார்வை ஆகியவை மோசமானால் அதிருப்தி வரும்; அவை சரியானால் அதிருப்தி போகும், அவ்வளவுதான். நிறைவைத் தருவது செய்த வேலை, அதற்குக் கிடைத்த அங்கீகாரம், பொறுப்பு. மேலாண்மைப் பாடத்தில் இன்றும் இது வருகிறது. ஹெச்.ஆர். துறைகள் இதில் தங்களுக்கு வசதியான பாதியைப் பிடித்துக்கொண்டன என்பது என் எண்ணம். ‘சம்பளத்தால் நிறைவு வராது, பாராட்டினால் வரும்’ என்று சுருக்கி, மாதத்தின் சிறந்த ஊழியர், ஆயுத பூஜைப் பரிசு, தீபாவளி ஸ்வீட் பாக்ஸ், ‘நீங்கள் இங்கே மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?’ என்று 1 முதல் 5 வரை மதிப்பெண் கேட்கிற சர்வே என்று இறங்கினார்கள். ஹெர்ஸ்பெர்க் பேசியது வேலை உறுதியாக இருந்த, படித்த சம்பளக்காரர்களிடம். அடுத்த மாதம் கேட் பாஸ் புதுப்பிக்கப்படுமா என்று தெரியாதவரிடம் அவர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

ஸ்வீட் பாக்ஸைக் கேலி செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுபோகும்போது இருக்கிற பெருமை உண்மையானது. பர்மனென்டுக்கு ஒரு கிலோ, காண்ட்ராக்டுக்கு அரைக் கிலோ என்று கொடுக்கும்போதுதான் அது பரிசாக இல்லாமல் அறிவிப்பாக மாறுகிறது. கேன்டீனில் தனி வரிசை, பஸ்ஸில் உட்காரும் உரிமை, ஹெல்மெட் நிறம், பெயர் சொல்லாமல் ‘ஏய் காண்ட்ராக்ட்’ என்று கூப்பிடுவது எல்லாம் இந்த ரகம். கேன்டீன் விஷயத்தில் சட்டமும் தெளிவாக இருக்கிறது: ஒப்பந்தத் தொழிலாளருக்கு கேன்டீன், ஓய்வறை, குடிநீர், முதலுதவி தருவது முதன்மை வேலையளிப்பவரின் பொறுப்பு. கேன்டீன் கட்டாயமாவதற்கான 100 பேர் கணக்கிலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சேர்வார்கள். தலைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வரிசையில் பிரிப்பது நியாயமா என்று கேட்க அவர்களுக்கு இடமிருக்கிறது.

போனஸ் நாளன்று நடப்பது

கணக்கு விளங்காத இடத்தில் மதிப்பு எப்படிப் போகிறது என்பதற்கு போனஸைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. குறைந்தபட்சம் 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்பது எல்லோருக்கும் தெரியும். மாதம் 18,000 வாங்குகிறவர் ஆண்டுச் சம்பளம் 2,16,000க்கு 8.33 போட்டு ஏறத்தாழ 18,000 வரும் என்று காத்திருக்கிறார். கைக்கு வருவது அதைவிடக் குறைவு. ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்கிறார்.

ஏமாற்று இல்லாமலும் இது நடக்கலாம். 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தில் (அதுவும் இப்போது புதிய ஊதியத் தொகுப்புக்குள் போய்விட்டது) 2015இல் செய்த திருத்தத்தின்படி, முழுச் சம்பளத்துக்கு போனஸ் கணக்கிட வேண்டியதில்லை. மாதம் 7,000 ரூபாய் அல்லது அந்த வேலைக்கு அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியம், இரண்டில் எது அதிகமோ அதற்குக் கணக்கிட்டால் போதும். 7,000 என்று வைத்தால் ஆண்டுக்கு 84,000; அதில் 8.33 சதவீதம் ஏறத்தாழ 7,000 ரூபாய், 20 சதவீதம் 16,800. குறைந்தபட்ச ஊதியம் 12,000 என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 1,44,000, 8.33 சதவீதம் ஏறத்தாழ 12,000. ஆக, போனஸ் குறைவு என்று தோன்றினால் கேட்க வேண்டிய கேள்வி ‘எத்தனை சதவீதம்?’ என்பது மட்டும் இல்லை. ‘எந்தத் தொகைக்கு?’ என்றும் கேட்க வேண்டும். 7,000க்குக் கணக்குப் போட்டிருந்து, குறைந்தபட்ச ஊதியம் அதைவிட அதிகமாக இருந்தால், அது நிஜமாகவே தவறு.

இன்னொரு பள்ளம் 21,000 ரூபாயில் இருக்கிறது. பழைய போனஸ் சட்டப்படி போனஸ் கிடைத்தது மாதம் 21,000 வரை வாங்கியவர்களுக்கு; புதிய ஊதியத் தொகுப்பில் இந்த வரம்பை அரசு அறிவிக்கும். ஈ.எஸ்.ஐ. என்ற மருத்துவக் காப்பீட்டின் வரம்பும் அதே 21,000. வரம்பு 21,000 ஆக இருக்கும்போது ‘உன் வேலையைப் பாராட்டி’ என்று சொல்லி 20,600ஐ 21,300 ஆக்கினால், அந்த 700 ரூபாய் சட்ட போனஸைப் பறித்துவிடும்; ஈ.எஸ்.ஐ. நடப்பு ஆறுமாத காலம் முடிந்ததும் நின்றுபோகும். மருத்துவத்துக்கு நிர்வாகம் வேறு காப்பீடு எடுத்துக் கொடுத்து, போனஸுக்குப் பதிலாகக் கருணைத் தொகை போட்டால் பரவாயில்லை. இல்லாவிட்டால் இன்க்ரிமென்ட் வாங்கிய ஆள்தான் ஷாப்பிலேயே கடுப்பான ஆளாக இருப்பார். இதை முன்கூட்டி உட்கார்ந்து விளக்க ஒரு ஹெச்.ஆர். அதிகாரிக்குப் பத்து நிமிடம் போதும்.

விளக்குவதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் மூன்று ஆலைகள். இரண்டில் பத்து வாரத்துக்கு 15 சதவீதம் சம்பளம் வெட்டினார்கள். ஒன்றில் நிர்வாகம் தொழிலாளர்களைக் கூட்டி, எந்த ஆர்டர் போனது, ஏன் இந்த முடிவு என்று கணக்கைக் காட்டி, வருத்தம் தெரிவித்து, கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னது. இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதில் வெட்டு இல்லை. சம்பளம் குறைந்த இரண்டு ஆலைகளிலும் பொருள் திருட்டு கூடியது; ஆனால் அறிவித்துவிட்டுப் போன ஆலையில் அது மிக அதிகம், வேலையை விட்டுப் போனவர்களும் அங்கேதான் அதிகம். வெட்டிய தொகை ஒன்றுதான். விளக்கம் சொன்ன இடத்தில் கோபம் பாதியில் நின்றது.

பாதுகாப்பு: எவர் சொன்னால் வேலை நிற்கும்?

போனஸில் போவது பணம். கடலூர் மாவட்டத்தில் மதிப்பு என்ற பேச்சு உயிர் வரை போகும். 2020 ஜூலை 1 அன்று நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்து ஆறு பேர் அன்றே இறந்தார்கள். சிகிச்சையில் இருந்தவர்களில் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். அதே நிலையத்தில் அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே மாதத்திலும் ஒரு கொதிகலன் விபத்து நடந்து உயிர்கள் போயிருந்தன. 2021 மே மாதம் கடலூர் சிப்காட்டில் பூச்சிமருந்து ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் இப்படிப்பட்ட இடங்களில் அதிகம் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் எளிது: பராமரிப்பு, சுத்தம் செய்தல், தொட்டிக்குள் இறங்குதல் என ஆபத்து கூடிய வேலைகளே பெரும்பாலும் ஒப்பந்ததாரரிடம் விடப்படுகின்றன.

ஆலைக்குள் ஆபத்தான வேலை எதற்கும் பர்மிட் என்று ஒரு தாள் உண்டு. வெல்டிங் போன்ற தீப்பொறி வேலைக்கு ஒன்று, மூடிய தொட்டிக்குள் இறங்க ஒன்று, உயரத்தில் ஏற ஒன்று. கரண்ட் துண்டித்துப் பூட்டுப் போட்டாயிற்றா, பைப்பில் பாய்வது நின்றதா, உள்ளே காற்றில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்த்து அதிகாரிகள் கையெழுத்துப் போடுவார்கள். தாள் நல்ல தாள்தான். அதில் கையெழுத்துப் போடாத ஒரே ஆள் பல இடங்களில் உள்ளே இறங்கப் போகிறவர். ‘ரீடிங் எவ்வளவு காட்டியது?’ என்று அவர் கேட்டால் பதில் வருகிறதா, முறைப்பு வருகிறதா என்பதில் அந்த ஆலையில் அவருடைய மதிப்பு தெரிந்துவிடும். எந்த சர்வேயும் தேவையில்லை.

அடுத்தது ‘தப்பிய விபத்து’, நியர் மிஸ் என்பார்கள். ஸ்பேனர் மேலிருந்து விழுந்தது, யார் தலையிலும் படவில்லை. வால்வில் லேசான கசிவு, அன்றைக்குத் தீப்பிடிக்கவில்லை. இப்படிப்பட்ட தகவல்கள் மேலே போனால்தான் பெரிய விபத்து தடுக்கப்படும். அதற்குத்தான் பெட்டி, படிவம், இப்போது மொபைல் ஆப் என்று வைத்திருக்கிறார்கள். நிறைய இடங்களில் அது காலியாக இருக்கும். காரணங்கள் மூன்று.

1. எழுதிப் போட்டவரே முதலில் விசாரிக்கப்படுகிறார். ‘நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய்?’

2. வாசலில் ‘விபத்தில்லாத நாட்கள்’ என்று எண் ஓடுகிறது, அந்த எண்ணுக்குப் பரிசும் இருக்கிறது. ஒரு சின்னக் காயம் பதிவானால் மொத்த ஷாப்புக்கும் பரிசு போகும். ஆகவே காயம் பட்டவரை வெளியே கிளினிக்குக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். பாதுகாப்புக்காக வைத்த பரிசு மௌனத்தை வளர்க்கிறது.

3. போட்ட தாளுக்குப் பதிலே வருவதில்லை. இது மூன்றிலும் மோசமானது. திட்டு வாங்கியவராவது தான் சொன்னது காதில் விழுந்தது என்று தெரிந்துகொள்வார்.

புதிய பணிப் பாதுகாப்புத் தொகுப்பிலும், அதற்கு முன் 1987இல், போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு திருத்திய தொழிற்சாலைச் சட்டத்திலும், உயிருக்கு ஆபத்து உடனடியாக வரும் என்று நியாயமாக அஞ்சுகிற தொழிலாளி அதை நிர்வாகத்திடம் நேரடியாகச் சொல்ல உரிமை இருக்கிறது. கேட்டவர்கள் உடனே நடவடிக்கை எடுக்க வேண்டும். தாளில் இருக்கிற இந்த உரிமை, மறுநாள் கேட் பாஸை நிறுத்திவிட முடிகிற ஒருவரிடம் எவ்வளவு செல்லும் என்பதுதான் சிக்கல்.

இதை ஒரு பெரிய நிறுவனத்தால் மாற்ற முடியுமா? அல்கோவா என்ற அமெரிக்க அலுமினிய நிறுவனத்துக்கு 1987இல் தலைவராக வந்த பால் ஓ’நீல் முதலீட்டாளர்கள் முன் பேசிய முதல் பேச்சில் லாபத்தைப் பற்றிப் பேசாமல் தொழிலாளர் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். தன் வீட்டு போன் எண்ணைத் தொழிலாளர்களுக்குக் கொடுத்து, சொன்னதை மேலாளர் செய்யாவிட்டால் எனக்குக் கூப்பிடுங்கள் என்றார். வேலைநாளை இழக்கச் செய்த காயங்கள் நூறு தொழிலாளருக்கு 1.86 என்று இருந்தது, 2000 வாக்கில் 0.2 ஆனது. நிறுவனமும் நன்றாகச் சம்பாதித்தது. போன் எண் வெறும் விளம்பரமாக இருந்திருந்தால் ஒரு மாதத்தில் அம்பலமாகியிருக்கும். கூப்பிட்டவர்களுக்குப் பதில் கிடைத்தது, அதனால் மேலும் கூப்பிட்டார்கள்.

குழுக்கள்: யார் உள்ளே, யார் வெளியே

தொழிலாளி சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும் என்பது புதுச்சேரிக்குப் புதிய கருத்து இல்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா பஞ்சாலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சு ஆட்சியின் படை சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா முன்னின்ற அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளில் எட்டு மணி நேர வேலையோடு சங்கம் வைக்கும் உரிமையும் இருந்தது. 1937 ஏப்ரல் ஆணையில் இரண்டும் கிடைத்தன. ஆசியாவிலேயே முதலில் எட்டு மணி நேரம் இங்கேதான் என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். ரோடியர் மில் என்று ஊர் அழைத்த இன்னொரு பஞ்சாலையான ஏ.எப்.டி., 2011 தானே புயலில் அடிபட்டு, வேலையில்லாமல் நிறுத்திவைக்கிற லே-ஆப்பில் பாதிச் சம்பளம் என்று இழுத்து, 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. மில்லோடு சேர்ந்து, கேட்டில் நின்று பேசி முடிக்கிற பழக்கமும் போயிற்று. சேதராப்பட்டிலும் திருபுவனையிலும் வந்த புதிய ஆலைகளில் அந்த அளவு சங்க பலம் இல்லை.

இன்றைய சட்டத்தில் உள்ள ஏற்பாடுகள்:

1. குறைதீர்க்கும் குழு. 20 தொழிலாளர் இருந்தாலே கட்டாயம். இரு தரப்பிலும் சம எண்ணிக்கை, மொத்தம் பத்துப் பேருக்கு மிகாமல், பெண்களுக்கு அவர்களின் விகிதப்படி இடம். பிரச்சினை எழுந்த ஓராண்டுக்குள் மனுக் கொடுக்கலாம்; 30 நாளில் முடிக்க வேண்டும்.

2. பணிக்குழு. 100 பேர் இருந்தால், அரசு உத்தரவிட்டால் அமைப்பது. 1947ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே இருக்கிறது, பெயரளவில்.

3. பேச்சுவார்த்தைச் சங்கம். வருகைப் பதிவேட்டில் உள்ள தொழிலாளரில் 51 சதவீதம் பேரின் ஆதரவு உள்ள சங்கத்தோடு மட்டும் நிர்வாகம் பேசினால் போதும். அப்படி ஒன்று இல்லையென்றால் 20 சதவீதத்துக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களைச் சேர்த்து ஒரு பேரவை.

மூன்றாவதில் ‘வருகைப் பதிவேட்டில் உள்ள’ என்ற சொற்களைக் கவனியுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி இருப்பது ஒப்பந்ததாரரின் பதிவேட்டில். ஆலையில் பாதிப் பேர் ஒப்பந்தத்தில் இருந்தாலும் 51 சதவீதக் கணக்கில் அவர்கள் வர மாட்டார்கள். நிரந்தரத் தொழிலாளர்களின் சங்கம் விரும்பி இவர்களுக்காகப் பேசினால் உண்டு. நெய்வேலியில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் தனிச் சங்கம் வைத்து நிரந்தரம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போராட்டத்துக்குப் போவதன் பின்னணியில் இந்த அமைப்புச் சிக்கலும் இருக்கிறது. பேசுகிற மேஜையில் நாற்காலி இல்லாதவருக்குத் தெரு ஒன்றுதான் மிச்சம்.

எந்த அலுவலகத்துக்குப் போவது?

ஒரே மாவட்டத்தில் வேலை செய்கிற இரண்டு பேர் வெவ்வேறு வாசலுக்குப் போக வேண்டியிருக்கும்.

1. நெய்வேலி சுரங்கமும் அனல்மின் நிலையங்களும்: மத்திய அரசு நிறுவனம் என்பதால் மத்தியத் தொழிலாளர் ஆணையர் அமைப்பு. ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இதுவே. சுரங்கப் பாதுகாப்புக்குத் தனி இயக்குநரகம்.

2. கடலூர் சிப்காட்டின் தனியார் ஆலைகள்: தமிழ்நாடு தொழிலாளர் துறை. பாதுகாப்பு தொடர்பானவை தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு.

3. புதுச்சேரி ஆலைகள்: புதுச்சேரி அரசின் தொழிலாளர் துறை. வீடு கடலூரில் இருந்தாலும் ஆலை எங்கே என்பதுதான் கணக்கு. குறைந்தபட்ச ஊதிய அட்டவணையும் புதுச்சேரிக்குத் தனி.

4. பி.எப்., ஈ.எஸ்.ஐ.: எல்லா இடத்திலும் அந்தந்த மத்திய நிறுவனம். ஒப்பந்ததாரர் பி.எப். கட்டவில்லை என்றால் முதன்மை வேலையளிப்பவரும் பொறுப்பு. சம்பளம் போடாவிட்டாலும் அப்படியே.

போகும்போது கையில் இருக்க வேண்டியவை: சம்பளச் சீட்டு, யு.ஏ.என். என்ற பி.எப். அடையாள எண், பி.எப். பாஸ்புக் பதிவு, நியமனக் கடிதம் கிடைத்திருந்தால் அதன் நகல், கேட் பாஸின் நகல். கேட் பாஸில் ஆலையின் பெயரும் தேதியும் இருப்பதால், ஒப்பந்ததாரர்கள் மாறிக்கொண்டே இருந்தாலும் அதே இடத்தில் தொடர்ந்து வேலை செய்ததைக் காட்ட அது உதவும். புதுப்பிக்கும்போது பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள் என்பதால், கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளலாம்.